ஏழு கன்னிமார் படுக்கை: கூகைப்பட்டி மலையில் ஒரு வியாழக்கிழமை

“இந்தப் படுக்கையில் யார் தூங்குகிறார்கள்?”

முப்பத்து மூன்று வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். கேள்வி கேட்பதும் கேட்கப்படுவதும்தான் பிழைப்பு. ஆனாலும் பதில் தெரிந்திருந்தும் வாய் திறக்க முடியாமல் நின்றது இந்த ஒரு கேள்விக்குத்தான். கேட்டவர் எல்சா. ஐரோப்பாவில் உள்ள ஓர் உதவிச் சங்கத்தின் சார்பில் எங்கள் பள்ளியைப் பார்வையிட வந்தவர். எண்பதுகளின் தொடக்கம். சுதந்திர தினத்துக்கு முந்தைய வியாழக்கிழமை. மதுரைக்கு வடக்கே, அலங்காநல்லூரைத் தாண்டி ஏழு கிலோமீட்டரில் இருக்கும் கூகைப்பட்டி மிஷன் நடுநிலைப்பள்ளியில் அப்போது நான் தமிழும் வரலாறும் நடத்திக்கொண்டிருந்தேன்.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணர் படுக்கைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இப்போது நிறைய. இந்தப் பக்கத்தைப் படிக்கும் சிலர், “கூட்டமில்லாத ஒரு மலை சொல்லுங்கள் டீச்சர்” என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த மலையைச் சொல்கிறேன். ஆனால் வழியை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்த ஒரு நாளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் எல்சா எதற்காக வந்தார் என்பது. அவருடைய சங்கம் பல நாடுகளில் ஏழைப் பள்ளிகளுக்கு உதவி வந்தது. அந்தச் சமயத்தில், பிள்ளைகள் பாடம் படிக்கப் பயன்படுகிற பழைய சின்னங்களைப் பாதுகாக்கவும் உதவுவோம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஊர் மலையில் சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளம் ஒன்று உண்டு. பாறையையே செதுக்கிப் பாயளவு வழவழப்பாக்கி, தலைமாட்டில் தலையணை போல மேடு விட்ட கற்படுக்கைகள். மழைநீர் உள்ளே வழியாதபடி மேல்பாறையின் முகப்பில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். முதல் படுக்கைக்கு மேலே ஒரு வரி, பழைய தமிழ் எழுத்து. ஊரில் அதற்கு ‘ஏழு கன்னிமார் படுக்கை’ என்று பெயர். சமணரை ஊர் மறந்துவிட்டது. ஏழு கன்னித்தெய்வங்கள் பகலெல்லாம் வயல்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவில் வந்து படுக்கும் இடம் என்று நம்பிக்கை. ஆடி மாதம் அங்கே பொங்கல் வைப்பார்கள்.

அந்த மலையைக் கல்குவாரிக்கு ஏலம் விடப்போவதாகச் செய்தி வந்தது. அளவுக்காரர்கள் வந்து சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோட்டுக்குள் படுக்கைகளும் இருந்தன. நான் அரசாங்க அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன், படுக்கைகளை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று. அதே கையோடு எல்சாவின் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம் எழுதினேன். “எங்கள் ஊரில் ஏழு படுக்கைகள் இருக்கின்றன. அவை உடையும் நிலையில் உள்ளன. மாணவர்களுக்கு மிகவும் பயன்படுபவை. காப்பாற்ற உதவி வேண்டும்.”

இதில் என்ன தவறு என்று இப்போது உங்களுக்குச் சட்டென்று தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. கூகைப்பட்டியில் தூங்குவதற்குப் பாய். படுக்கை என்றால் மலைமேல் இருப்பது. கல் என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தலைமையாசிரியர் தேவசகாயம் சார் அதைத் தல்லாகுளத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தில் கொடுத்து இங்கிலீஷாக்கி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். நாலு மாதம் கழித்து ஒரு லாரி வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றது. ஏழு இரும்புக் கட்டில், ஏழு மெத்தை.

விடுதியே இல்லாத பள்ளிக்கூடம் அது.

எல்சா வரப்போகிறார் என்று கடிதம் வந்ததும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். “டீச்சர், அந்தம்மா கேட்டா கட்டில் ரொம்ப உபயோகமா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. மலையப் பத்திப் பேச்சே வேணாம். ரெண்டு ரூமுக்கு மனு போட்டிருக்கு, தெரியும்ல? குடுத்ததே தப்புன்னு சொன்னா அடுத்தத எவன் குடுப்பான்?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒரே கொட்டகையில், நடுவில் ஒரு கோணித்திரை. இந்தப் பக்கம் நான் பாண்டியர் காலம் நடத்தினால் அந்தப் பக்கம் பதினாறாம் வாய்ப்பாடு ஓடும். ஒருமுறை பரீட்சைத்தாளில் ஒரு பெண், பாண்டியர்கள் ஆண்ட வருடங்கள் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தாள். பதினாறு ஏழு எவ்வளவென்று பெருக்கிப் பாருங்கள், புரியும். ஆனால் குவாரி ஏலம் அடுத்த திங்கட்கிழமை. எல்சா வியாழக்கிழமை வந்து அன்று மாலையே ரயில் ஏறுகிறார். என் கையில் இருந்தது அந்த ஒரு பகல்தான்.

செல்லூரில் என் வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். தறிச் சத்தம் அதற்குள் தெரு முழுக்கத் தொடங்கியிருந்தது. வாடகை அம்பாசிடர், காலையிலிருந்து மாலை வரை பெட்ரோலோடு நூற்று நாற்பது ரூபாய் என்று பேசி முடித்திருந்தோம். ஓட்டுநர் முத்துச்சாமி, ஐம்பது வயதிருக்கும், எங்கள் தெருக்காரர்தான். தல்லாகுளத்தில் எல்சா தங்கியிருந்த விடுதி வாசலில் ஏழு இருபதுக்கு நின்றோம். நெட்டையான மனுஷி, நாற்பதைத் தொட்டிருப்பார். பருத்திப் புடவையை யாரோ கட்டிவிட்டிருந்தார்கள். அது எந்த நிமிடமும் அவிழலாம் என்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். பின்சீட்டில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து நான்கு ஊக்குகளை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் குத்திவிட்டேன். எங்கள் சிநேகம் அப்படித் தொடங்கியது.

தல்லாகுளத்திலிருந்து அலங்காநல்லூர் பதினாறு கிலோமீட்டர். கூடல் நகர், சிக்கந்தர் சாவடி, குமாரம். கால்வாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள். இருபுறமும் நாற்றங்கால் பச்சை, இடையிடையே கரும்பு. எல்சா கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டிக்கொண்டார்.

முத்துச்சாமி கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். “டீச்சர், இந்த அம்மாதானா கட்டில் குடுத்தது?”

“ஆமாண்ணே. மெதுவாப் பேசுங்க.”

“எங்க மச்சான் லாரிலதான் டீச்சர் வந்துச்சு. எறக்கும்போதே கேட்டானாம், இந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளப் படிக்கச் சொல்லுறாகளா, படுக்கச் சொல்லுறாகளான்னு.”

அவர் என்ன சொல்கிறார் என்று எல்சா கேட்டார். மழை நன்றாகப் பெய்திருக்கிறது என்கிறார், என்றேன். எனக்கு இங்கிலீஷ் எழுத வரும், பேசும்போது தட்டுத்தடுமாறும். பொய் சொல்லும்போது மட்டும் சரளமாக வந்தது.

எட்டேகாலுக்கு அலங்காநல்லூரில் டீ. கண்ணாடி கிளாஸ் நாற்பது காசு, உளுந்த வடை முப்பது காசு. எல்சா மூன்று வடை சாப்பிட்டார். அங்கிருந்து வடகிழக்கே பிரியும் மண் சாலையில் ஏழு கிலோமீட்டர் போக முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. கரும்பு வண்டிகளின் தடத்தில் கார் ஏறி இறங்கியது.

பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. எல்சாவைப் பார்த்ததும் அணிவகுப்பு கலைந்து, எல்லாப் பிள்ளைகளும் திண்டாடி மறுபடி வரிசைக்கு வந்தார்கள். தேவசகாயம் சார் வெள்ளைச் சட்டையில், சந்தன மாலையோடு. ஆசிரியர் அறையைக் காலி செய்து ஏழு கட்டில்களையும் வரிசையாகப் போட்டு, வெளுத்த விரிப்பு விரித்து வைத்திருந்தார். விரிப்பின் ஓரத்தில் வண்ணார் போட்ட குறிகூட அழியவில்லை. கட்டில்களுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கலாம், அவ்வளவுதான்.

எல்சா முதல் கட்டிலின் விரிப்பைத் தடவினார். அடியில் பிளாஸ்டிக் உறை சரசரத்தது. மெத்தைகளின் உறையை நாங்கள் இன்னும் பிரிக்கவே இல்லை. அவர் நிமிர்ந்து, தலைமையாசிரியரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“உடம்பு சரியில்லாத பிள்ளைகள்...” என்று தலைமையாசிரியர் ஆரம்பித்தார்.

வெளியே பிள்ளைகள் இடது வலது போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வகுப்பறை ஒரு பக்கம். திங்கட்கிழமை ஒரு பக்கம். நான் சொன்னேன்: “யாருமில்லை. நான் கேட்ட படுக்கை இதுவல்ல. அது கல். மலைமேல் இருக்கிறது. அதில் தூங்கினவர்கள் போய் இரண்டாயிரம் வருடம் ஆகிறது. எழுதினது நான், தப்பு என்னுடையது.”

தேவசகாயம் சார் கண்ணை மூடிக்கொண்டார். எல்சா கட்டிலில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் மறுபடி சத்தம் போட்டது. அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன், சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, அப்படியானால் நிஜப் படுக்கையைக் காட்டுங்கள் என்று எழுந்தார்.

வாசலைத் தாண்டும்போது தலைமையாசிரியர் என் காதில் விழும்படி, “ரெண்டு ரூமும் போச்சு. இனி நீங்களும் நானும் கோணித்திரைக்குள்ளதான் ரிட்டயர் ஆகணும்” என்றார். கோபத்தில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் தன் குடையை எல்சாவிடம் கொடுத்தார்.

பள்ளியிலிருந்து மலையடிவாரம் ஒன்றரை கிலோமீட்டர், வரப்பு மேல் நடை. பத்து பத்துக்குக் கிளம்பி, படுக்கைகளை அடையும்போது பதினொன்று ஐந்து. வழிகாட்ட வந்தது பேச்சியம்மாள். கல் உடைப்பவர். அவருடைய மகள் என்னிடம் ஏழாவது படித்தாள். தலையில் சும்மாட்டைக் கழற்றாமலே முன்னால் நடந்தார்.

“வெள்ளக்காரம்மாவும் ஏறுமா டீச்சர்? பாத்து வரச் சொல்லுங்க, சறுக்கும். எம்புட்டு ஒசரம் இந்தம்மா! கன்னிமார் படுக்கைல காலு நீட்டுனா வெளிய வந்துரும்போல.”

“நீங்க அந்தப் படுக்கைய உடைச்சிருவீங்களான்னு கேக்குறாங்க பேச்சி.”

“நாங்களா? ஏழு பேரு தூங்குற எடத்துல எவன் உளி வப்பான்? எங்க ஆளுக கிட்டக்கூடப் போகாது. ஆனா வெடி வைக்கிறவன் எங்க ஊர்க்காரன் இல்லையே டீச்சர். அவனுக்குக் கன்னிமார் யாரு, கருப்பன் யாரு?”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே குனிந்தோம். பாறை குளிர்ந்திருந்தது. எல்சா அந்தக் குளிரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பையிலிருந்து அளவு நாடாவையும் நோட்டையும் எடுத்தார். முதல் படுக்கை, நீளம், அகலம், எழுதினார். இரண்டாவது. மூன்றாவது. நான் எழுத்து வரியைக் காட்டினேன், காடியைக் காட்டினேன். சுண்ணாம்புக் கோடு தலைக்கு மேலே போவதையும் காட்டினேன். அவர் ஏழாவதை அளந்து முடித்தார். நான் திரும்பி, இறங்கலாமா என்று பேச்சியம்மாளைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“எட்டு” என்றார் எல்சா.

ஏழு என்று திருத்தினேன். அவர் பாறை வளைவுக்கு அந்தப் பக்கம், ஒரு காரைச்செடிக்குப் பின்னால் நின்றிருந்தார். செடியை ஒதுக்கி, சருகையும் மண்ணையும் கையால் வழித்தார். வழவழப்பான கல். தலைமாட்டில் மேடு. ஓரடி தள்ளி இன்னொன்று, அதைவிடச் சின்னது.

“ஒன்பது” என்றார்.

பதினொரு வருடம் அந்த மலைக்குப் போய்வந்தவள் நான். வருடந்தோறும் பிள்ளைகளை அழைத்துப்போய், கன்னிமார் ஏழு, படுக்கை ஏழு என்று எண்ணிக் காட்டியிருக்கிறேன். ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். வகுப்பில் நாற்பது பேர் என்று தெரிந்தால், நாற்பது வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிடுவோம். பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒன்று கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தால் கண்ணில் படாது. ஏழு வந்ததும் நாங்கள் எல்லோரும் நிறுத்திவிட்டோம். எல்சாவுக்குக் கன்னிமார் யாரென்று தெரியாது. அதனால் அவர் ஒன்பது வரைக்கும் எண்ணிவிட்டார்.

பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். “எட்டாவது காவலுக்கு நிக்கிற கருப்பனுக்கா இருக்கும்.”

“அப்ப ஒம்பதாவது?”

“வீட்டுக்கு விருந்தாளி வந்தா எங்க படுப்பாக? அதுக்குத்தான்.” எல்சாவைப் பார்த்து அந்தச் சின்னப் படுக்கையைக் காட்டி, “படு தாயி, படு” என்றார். எல்சாவுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் அர்த்தம் புரிந்தது. படுத்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே தொங்கியது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பு அந்தக் குகைக்குள் திரும்பத் திரும்ப மோதியது. அந்த மலையை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சத்தம்தான்.

இறங்கும் வழியில் எல்சா மளமளவென்று முடிவுகள் எடுத்தார். மூன்று கட்டில் பள்ளியில் இருக்கட்டும், நாலைப் பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடுங்கள். படுக்கைகளைச் சுற்றி எல்லைக்கல் நடவும் பாதை போடவும் சங்கம் பணம் தரும். ஆனால் அந்த இடத்தைக் குவாரியிலிருந்து விலக்குவதாக அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏலத்தை நிறுத்தும்படி தான் கேட்க முடியாது, அது உங்கள் நாட்டு விஷயம் என்றார். வகுப்பறை பற்றிப் பேசினபோது மட்டும், மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்.

பன்னிரண்டரைக்குக் கீழே வந்து, பள்ளியிலேயே சாப்பிட்டு, இரண்டு நாற்பதுக்குத் தல்லாகுளம் பக்கத்தில், நான் மனுப் போட்டிருந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர். என் மனுவை எடுத்து மேசையில் விரித்தார்.

“உக்காருங்க டீச்சர். ஆய்வு ரிப்போர்ட் ஸ்கெட்ச்சோட வந்துருச்சு. ஏழு படுக்கைன்னு தெளிவா இருக்கு. எல்லைக்கல் நடப் பணமில்லாமத்தான் பைல் நின்னுச்சு. இந்தம்மா தர்றோம்னு எழுதிக் குடுத்தா இன்னிக்கே உள்ள போயிரும்.”

“சார், ஏழு இல்ல. ஒம்பது.”

அவர் பேனாவை வைத்தார். “எப்ப இருந்து?”

“ரெண்டாயிரம் வருசமா சார்.”

“அப்ப நீங்க ஏழுன்னு எழுதுனது?”

“எண்ணாம எழுதிட்டேன்.”

ஆய்வுக்கு வந்தவரும் ஏழு என்றே வரைபடம் போட்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அழைத்துப்போய் ஏழு என்று காட்டினது நான். அவருடைய வரைபடத்தில் எல்லைக்கோடு ஏழாவது படுக்கையோடு முடிந்திருந்தது.

எழுத்தர் மோவாயைத் தடவினார். “எண்ண மாத்துனா மனுவும் ரிப்போர்ட்டும் ஒத்து வராது டீச்சர். புது மனு, புது ஆய்வு. பத்து நாளாவது ஆகும். நாளைக்குச் சுதந்திர தினம். ஏலம் திங்கக்கிழமை. ஏழுன்னா இப்பவே கையெழுத்துக்கு அனுப்புறேன். ஒம்பதுன்னா, ஏலம் முடிஞ்சப்புறம் வந்து பேசணும். அப்ப எனக்கு அதிகாரமில்ல.” தணிந்த குரலில், “நீங்களே சொல்லுங்க. ஏழா, ஒம்பதா?” என்றார்.

எல்சாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் மேசைமேல் இருந்த வரைபடத்தை என் பக்கம் நகர்த்தினார். “எனக்கு எண்ண மட்டும்தான் தெரியும். இங்கே வாழ்கிறவர் நீங்கள்” என்றார்.

சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது. ஒரு கையில் ஏழு பிள்ளைகளையும் மறுகையில் இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு, எந்தக் கையை விடுவது என்று கேட்பது போல இருந்தது. “ஏழுன்னே இருக்கட்டும் சார்” என்றேன். எல்சா தன் கடிதத்தை எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். நாலு முப்பத்தைந்துக்குக் கோப்பு உள்ளே போயிற்று.

ரயில் ஏழேகாலுக்கு. ஸ்டேஷனில் எல்சா தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். ஒன்பது படுக்கைகளின் அளவும் அதில் இருந்தன. முத்துச்சாமி நூற்று நாற்பதுக்கு மேல் ஒரு காசும் வாங்கவில்லை. காத்திருந்த நேரத்துக்குக் காசு எதுக்கு, மலையைத்தான் பார்த்தேன் டீச்சர், என்றார்.

திங்கட்கிழமை ஏலம் நடந்தது, ஏழு படுக்கைகளும் அவற்றின் முன்னால் உள்ள இடமும் நீங்கலாக. தை மாதம் எல்லைக்கற்கள் நட்டார்கள், ஒற்றையடிப் பாதையும் வந்தது. அடுத்த வருடம் இரண்டு வகுப்பறைக்குப் பதில் ஒன்று வந்தது. கோணித்திரையை அவிழ்த்துச் சுருட்டின அன்று தேவசகாயம் சார் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். மலைக்காக இன்னும் ஏதாவது கேட்கலாமா டீச்சர், என்று என்னிடம் கேட்டார். கேட்டோம். படம் போட்ட ஒரு அறிவிப்புப் பலகை வந்தது.

அதற்குப் பின் ஒரு நாள் புது வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மலைப்பக்கமிருந்து ஒரு சத்தம், சுவரில் மாட்டியிருந்த வரைபடம் ஆடியது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் பாடத்தைத் தொடர்ந்தேன். சனிக்கிழமை ஏறிப் போனேன். பாறை வளைவு இருந்த இடத்தில் புதுக்கல்லின் வெள்ளை முகம். காரைச்செடியும் இல்லை.

பேச்சியம்மாள் கூட வந்திருந்தார். என்னைக் குகைக்குள் அழைத்துப்போய், ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். “ஏழும் அப்படியே இருக்கு, பாத்துக்கங்க டீச்சர். வெடிக்காரன்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன், கல்லுக்கு இந்தப் பக்கம் வந்தா நடக்குறதே வேறன்னு.” அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் பேச்சி, ஏழும் இருக்கு, என்றேன். வேறென்ன சொல்வது? எட்டாவதன் நீளம் நூற்று எண்பத்தெட்டு சென்டிமீட்டர். ஒன்பதாவது நூற்று முப்பத்தைந்து. எல்சாவின் தாளில் மட்டும் அவை இருக்கின்றன.

வெளிநாட்டு உதவியைப் பற்றி இன்று ரொம்பப் பேசுகிறார்கள், அது வந்ததால்தான் எல்லாம் நடந்தது என்றும், வந்ததால்தான் கெட்டது என்றும். நான் பார்த்தது ஒன்றைத்தான் சொல்ல முடியும். எல்லைக்கல்லும் வகுப்பறையும் கடல் தாண்டி வந்த பணம். வெடிக்காரனைத் தடுத்தது பேச்சியம்மாளின் கன்னிமார். இரண்டும் சேர்ந்து ஏழு படுக்கைகளைக் காப்பாற்றின. மிச்ச இரண்டுக்கு ஊரில் பெயர் இல்லை, கோப்பில் எண் இல்லை. ஓர் அந்நியப் பெண்ணின் கண்ணில் பட்டுத்தான் நாங்களே அவற்றைப் பார்த்தோம், அதுவும் கொஞ்ச நேரம்.

இப்போது போகிறவர்களுக்கு: மதுரையிலிருந்து அலங்காநல்லூருக்குப் பேருந்து அடிக்கடி உண்டு, அங்கிருந்து ஷேர் ஆட்டோவோ சொந்த வண்டியோ. கூகைப்பட்டி வரை தார்ச்சாலை வந்துவிட்டது. காலை எட்டு மணிக்குள் மலையேறிவிடுங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் அந்த ஒரு வரி எழுத்து கண்ணுக்குத் தெரியும், பத்து மணிக்கு மேல் வெறும் பாறைதான். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும், மேலே ஒன்றும் கிடைக்காது. குகைக்குள் செருப்பு வேண்டாம். எழுத்தின் மேல் சாக்பீஸ் தடவிப் படம் எடுப்பவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏறி இறங்கிப் பார்த்துவர மூன்று மணி நேரம் போதும்.

பலகையில் ‘ஏழு படுக்கைகள்’ என்று எழுதியிருக்கும். ஊரில் யாரைக் கேட்டாலும் ஏழு என்பார்கள். எண்ணிப் பார்த்தாலும் ஏழுதான் வரும். ஊர் சொன்னது கடைசியில் சரியாகிவிட்டது.

உங்கள் ஊரிலும் எண்ணைப் பெயராகக் கொண்ட இடம் ஒன்று இருக்கும்: ஏழு கிணறு, மூன்று கல், ஐந்து மரம். இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், பெயரை மறந்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு எண்ணி, வந்த எண்ணைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.